வீட்டுக்கு ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கலாமா? செலவும் பயனும்



கொஞ்ச காலமாக எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, டொக்டர் நெஞ்சில வெச்சுப் பாக்கிற அந்தக் கொழாய் என்னா வெல வரும்? வீட்டுக்கு ஒன்னு வாங்கி வெச்சா நல்லதுதானே?" என்கிறார்கள். கேட்பவர்களில் சிறுபிள்ளைகளின் அம்மாமார் அதிகம். அடுத்தது, பிரஷர் உள்ள தாத்தா, அப்பாயி இருக்கிற வீட்டார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளை இருமத் தொடங்கினால் மேல் டிவிசனிலிருந்து டிஸ்பென்சரிக்கு இறங்குவது லேசான காரியம் இல்லை. மழை, இருட்டு, வழுக்குப் பாதை, அதற்கு மேல் ஓட்டோக் கூலி. பிள்ளைக்குக் கடுமையா, விடியும் வரை பொறுக்கலாமா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆகவே இந்த இதழில் ஸ்டெதஸ்கோப் என்ன விலை, அது என்ன செய்யும், என்ன செய்யாது, அந்தக் காசுக்கு வேறு என்ன செய்யலாம் என்பதை எழுதுகிறோம்.

ஸ்டெதஸ்கோப் என்பது என்ன?

1816ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் நகரின் நெக்கர் ஆஸ்பத்திரியில் ரெனே லெனெக் என்ற டொக்டர் வேலை செய்தார். அந்தக் காலத்தில் டொக்டர்மார் நோயாளியின் நெஞ்சில் நேரே காதை வைத்துத்தான் கேட்பார்கள். இருதய வருத்தத்தோடு வந்த ஒரு இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைக்க லெனெக் கூச்சப்பட்டார். ஒரு கடதாசியைக் குழாய் மாதிரிச் சுருட்டி, ஒரு முனையை நெஞ்சிலும் மறு முனையைக் காதிலும் வைத்தார். சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு மரத்தில் குழாய் செய்து, மூன்று வருடம் பாடுபட்டு, 1819இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். இரண்டு காதிலும் மாட்டுகிற இன்றைய வடிவம் 1850க்குப் பிறகு வந்தது.

அந்தக் கருவிக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. நெஞ்சில் வைக்கும் வட்டில் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. உடம்புக்குள் எழும் சத்தத்துக்கு அது அதிரும். அந்த அதிர்வு ரப்பர் போன்ற குழாய் வழியாகக் காதுக்குப் போகிறது. சிலவற்றில் வட்டின் மறுபக்கம் கிண்ணம் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதை மணி என்பார்கள். கீச்சென்ற சத்தத்துக்கு வட்டு, அடித்தொண்டைச் சத்தம் மாதிரியானதுக்கு மணி. அவ்வளவுதான். சத்தத்தைக் கொண்டுவந்து தருவது கருவி. சத்தத்துக்கு அர்த்தம் சொல்வது காதும் படிப்பும்.

என்ன விலை?

விலை கடைக்குக் கடை மாறும். டவுனில் மருந்துக்கடைகளிலும் வைத்திய உபகரணக் கடைகளிலும் விற்கிற சாதாரண ரகம் ஏறத்தாழ 2,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபா வரை. தாதிமாரும் படிக்கிற பிள்ளைகளும் வாங்குவது பெரும்பாலும் இதுதான். டொக்டர்மார் கழுத்தில் தொங்குகிற லிட்மன் போன்ற பேர்போன ரகங்கள் வெளிநாட்டிலேயே 100 டொலர் அளவில் போகின்றன. எங்கள் பணத்தில் அது 30,000 ரூபாவுக்குக் குறையாது. 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தச் சாமான்கள் எல்லாம் கப்பலில் வருபவை. ஆகவே அன்று ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை.

இதை எங்கள் கணக்கில், அதாவது பேர்க் கணக்கில் பார்ப்போம். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் 4,000 ரூபாக் குழாய் என்றால் மூன்று பேர். 30,000 ரூபாக் குழாய் என்றால் இருபத்திரண்டு பேருக்கு மேல். அதுவும் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கடைக்கணக்கு எதுவும் பிடிக்காமல். ஒரு மாதம் முழுக்க மலையில் ஏறி இறங்கின உழைப்பு ஒரு குழாய்க்குப் போய்விடும். இருதய டொக்டருக்கு அது அவசியமான சாமான். லயக்காம்பராவுக்கு அவசியம் இல்லை.

நெஞ்சில் வைத்தால் வீட்டாருக்கு என்ன தெரியும்?

சாதாரணக் குழாயை வைத்தே இருதயம் டப்டப் என்று அடிப்பதைக் கேட்கலாம். மூச்சு போய் வருவதும் கேட்கும். இழுப்பு இருந்தால் விசில் மாதிரிச் சத்தம் வரும். இவ்வளவும் யாருக்கும் கேட்கும். பிரச்சினை அடுத்த படியில்தான் இருக்கிறது. எந்தச் சத்தம் சும்மா சளி, எந்தச் சத்தம் நியூமோனியா என்று பிரிப்பதற்கு டொக்டர்மார் வருடக்கணக்கில் பழகுகிறார்கள். பிள்ளை அழுதால் ஒன்றும் கேட்காது. உடுப்புக்கு மேல் வைத்தால் துணி உரசும் சத்தம்தான் கேட்கும். மூக்கடைப்புச் சத்தமும் நெஞ்சுக்குள் கேட்பது போலவே இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறோம், தயவுசெய்து கவனியுங்கள். கடுமையான இழுப்பில் காற்றுக் குழாய்கள் மிகவும் இறுகிப்போய், காற்றே சரியாகப் போய்வராத நிலை வரும். அப்போது விசில் சத்தம் குறைந்துவிடும். சில நேரம் ஒன்றுமே கேட்காது. டொக்டர்மார் அதிகம் பயப்படுவது இந்த அமைதிக்குத்தான். ஆனால் வீட்டில் குழாயை வைத்துக் கேட்கிற தகப்பன் என்ன நினைப்பார்? "இப்ப சத்தம் நின்னுருச்சு, புள்ளைக்குச் சுகமாயிருச்சு, காலைல பாப்போம்" என்பார். உயிர் போகக்கூடிய நேரத்தில் வீட்டார் நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். 3,000 ரூபாச் சாமான் தரும் பொய்யான நிம்மதிக்கு விலை போட முடியாது.

ஸ்டெதஸ்கோப் இல்லாமலே பார்க்கக்கூடியது

பிள்ளைக்கு நெஞ்சு வருத்தம் கடுமையா என்று பார்க்க உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லிக்கொடுக்கும் முறைக்குக் குழாயே வேண்டாம். மணிக்கூடு ஒன்று போதும். கைபோனில் உள்ள மணிக்கூடும் சரி.

பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறும் நெஞ்சும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. 60க்கு மேல் வந்தால் இன்னொரு தரம் எண்ணிப் பாருங்கள்.

இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50 அல்லது அதற்கு மேல்.

ஒரு வயது முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல்.

இருமலோடு இப்படி வேகமான மூச்சு இருந்தால் நியூமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ காட்ட வேண்டும்.

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டு நிற்காமல் உடனே கொண்டுபோங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் குழி விழுகிறது. பால், தண்ணீர் குடிக்க முடியவில்லை. குடித்ததெல்லாம் வாந்தியாகிறது. வலிப்பு வருகிறது. பிள்ளை சோர்ந்து எழுப்பினாலும் எழும்பாமல் கிடக்கிறது. உதடு, நாக்கு நீலம் பாய்கிறது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் இருந்தாலும், அல்லது உடம்பு குளிர்ந்துபோனாலும் தாமதிக்கக்கூடாது.

வாகனம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காமல் வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை பிறகு எல்லா மாகாணங்களுக்கும் வந்தது. பேசும்போது தோட்டத்தின் பேர், டிவிசன், லயத்துக்குக் கிட்ட உள்ள கோயில் அல்லது பிள்ளைக்காம்பரா, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். லயம் வரை வண்டி வராத இடமானால் ஒருவர் டோர்ச்சோடு மெயின் ரோட்டில் நிற்கட்டும்.

பிரஷர் பார்ப்பதற்கு என்றால்?

வீட்டில் ஸ்டெதஸ்கோப்புக்கு உண்மையான வேலை ஒன்று உண்டு என்றால் அது பிரஷர் பார்ப்பதுதான். கையில் பட்டி சுற்றிக் காற்றடித்து, முழங்கை மடிப்பில் குழாயை வைத்துக் கேட்கும் முறையை 1905இல் ரஷ்ய டொக்டர் கொரட்கொவ் கண்டுபிடித்தார். பட்டியின் காற்றை மெதுவாக இறக்கும்போது முதலாவதாகக் கேட்கும் துடிப்புத்தான் மேல் அளவு. சத்தம் மறையும் இடம் கீழ் அளவு. இதைப் பழக முடியும். ஆனால் காது நன்றாகக் கேட்க வேண்டும், கண் முள்ளைப் பார்க்க வேண்டும், கை காற்றைச் சீராக இறக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். டிஸ்பென்சரியில் சொல்லித்தந்து, பல தரம் செய்து பழகாமல் வராது.

முள்ளுள்ள பிரஷர் பெட்டியும் ஸ்டெதஸ்கோப்பும் சேர்ந்த செட் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 ரூபா. பொத்தானை அமத்தினால் தானே காற்றடித்து இலக்கம் காட்டும் டிஜிட்டல் மெஷின் ஏறத்தாழ 8,000 முதல் 20,000 ரூபா. டிஜிட்டல் மெஷினுக்கு ஸ்டெதஸ்கோப் தேவையே இல்லை. எழுத்து வாசிக்கத் தெரியாத அப்பாயிக்கும் பள்ளிக்கூடம் போகிற பேரன் பார்த்துச் சொல்லலாம். ஆகவே வீட்டில் பிரஷர் பார்க்கத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தால், மேல்கையில் பட்டி சுற்றும் டிஜிட்டல் மெஷின்தான் எங்கள் ஆலோசனை. மணிக்கட்டில் கட்டுவதும் விரலில் மாட்டுவதும் அவ்வளவு நம்பிக்கையில்லை. பழைய பாதரச மெஷின் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உடைந்தால் பாதரசம் சிந்தும், அது நஞ்சு.

எந்த மெஷின் ஆனாலும் பார்க்கும் முறை சரியாக இருக்க வேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டு மலையேறி வந்த கையோடு பார்த்தால் யாருக்கும் பிரஷர் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில், கை நெஞ்சு உயரத்தில் மேசையில். அதற்கு முன் அரை மணித்தியாலம் தேத்தண்ணி, சுருட்டு, வெத்திலை வேண்டாம். மூத்திரம் போய்விட்டு வந்து உட்காருங்கள். பட்டியை ஸ்வெட்டருக்கு மேல் சுற்றக்கூடாது. பார்க்கும்போது பேசவும் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தரம் பார்த்து, இரண்டையும் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள்.

கிளினிக்கில் 140க்கு 90, வீட்டில் 135க்கு 85, இவற்றுக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டும். 180க்கு 120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு நோவு, மூச்சு வாங்குதல், கை கால் விளங்காமை, பேச்சுக் குளறல், பார்வை மங்கல் ஏதும் இருந்தால் அது அவசரம், 1990க்குப் பேசுங்கள். இன்றைக்கு அளவு குறைவாக இருக்கிறது என்று குளிசையை நிறுத்தாதீர்கள். குளிசை குடிப்பதால்தான் குறைவாக இருக்கிறது.

கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில்

"வயித்துல புள்ள துடிப்பக் கேக்கலாமா?" என்றும் சில மாமியார்மார் கேட்டார்கள். சாதாரண ஸ்டெதஸ்கோப்பில் ஐந்து மாதத்துக்கு முன் பிள்ளையின் துடிப்பு கேட்பது கஷ்டம். பிறகும் பிள்ளை கிடக்கும் விதம் தெரியாமல் தேடினால் கேட்காது. கேட்காவிட்டால் வீடே அழுது பதறும். தாயின் இரத்த ஓட்டச் சத்தத்தைப் பிள்ளையின் துடிப்பு என்று நினைத்து ஏமாறவும் கூடும். கர்ப்பிணித் தாய் கவனிக்க வேண்டியது பிள்ளையின் அசைவை. அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் குழாயை வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் மிட்வைஃப் அம்மாவுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படியானால் யார் வாங்கலாம்?

தாதிப் பயிற்சிக்கோ மருத்துவப் படிப்புக்கோ போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் வாங்கிக் கொடுங்கள். லயத்திலிருந்து அப்படி ஒரு பிள்ளை போவது எல்லோருக்கும் பெருமை. முதலில் சாதாரண ரகம் போதும். எந்த ரகம் தேவை என்று படிக்கும் இடத்தில் கேட்ட பிறகு வாங்குங்கள்.

வாங்கும்போது கடையிலேயே காதில் மாட்டிப் பாருங்கள். காதுமுனைகள் மூக்குப் பக்கம் சாய்ந்த மாதிரி மாட்ட வேண்டும், திருப்பி மாட்டினால் சத்தம் குறையும். வட்டை விரலால் மெதுவாகத் தட்டினால் காதில் தெளிவாகக் கேட்க வேண்டும். இருபக்க வட்டானால் ஒரு பக்கம்தான் ஒரு நேரத்தில் வேலை செய்யும், திருகிப் பாருங்கள். குழாயில் வெடிப்பு இருக்கக்கூடாது. பில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அடுப்புக்குக் கிட்டவும் வெயிலிலும் தொங்கப் போடாதீர்கள், குழாய் விறைத்துப்போகும். காதுமுனை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறும்போது துடைக்க வேண்டும்.

சம்பள நாளில் பையோடு லயத்துக்கு வருகிற வியாபாரிமாரிடம் கவனமாக இருங்கள். "இன்னைக்கு ஐநூறு குடுங்க அக்கா, மிச்சத்தக் கெழமைக்குக் கெழம ஐநூறு ஐநூறா பன்னெண்டு கெழமை தாங்க" என்பார்கள். கேட்க லேசாக இருக்கும். கூட்டிப் பாருங்கள். முதல் ஐநூறும் பிறகு ஆறாயிரமும், மொத்தம் 6,500 ரூபா. அதே சாமான் டவுனில் 3,000 ரூபாவாக இருக்கலாம். சாமான் பழுதானால் திருப்பிக் கொடுக்க அவருடைய கடை எங்கே என்றும் தெரியாது.

பிரஷர் மெஷின் தேவையான வீடுகள் ஒரே லயத்தில் நாலைந்து இருந்தால் சேர்ந்து ஒன்று வாங்கலாம். 10,000 ரூபா மெஷினை ஐந்து வீடு பகிர்ந்தால் வீட்டுக்கு 2,000 ரூபா. யார் வீட்டில் இருக்கும், பற்றரி யார் போடுவது, பழுதானால் எப்படி என்பதை முதலே பேசி ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். பிறகு மனத்தாங்கல் வராது. வருடத்துக்கு ஒரு தரமாவது மெஷினை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எங்கள் யோசனை வேறு. குழாய்க்கு ஒதுக்கிய காசில் ஒரு காய்ச்சல் மானி வாங்குங்கள். மிச்சத்தை ஓட்டோக் கூலிக்கென்று தனியாக ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், வேறு எதற்கும் தொடாதீர்கள். அடுப்புப் புகை வெளியே போக வழி செய்யுங்கள். பிள்ளைகளின் நெஞ்சு வருத்தத்துக்கு விறகுப் புகை பெரிய காரணம். ஒரே அறையில் அடுப்பும் தொட்டிலும் இருந்தால் எத்தனை குழாய் வைத்துக் கேட்டாலும் இருமல் நிற்காது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் குழாய் வைத்துப் பார்ப்பதற்குக் காசு இல்லை. பிரஷர் பார்ப்பதற்கும் இல்லை. அந்தக் காது படித்த காது. அங்கே நேரத்துக்குப் போய்ச் சேருவதற்குத்தான் நாம் தயாராக இருக்க வேண்டும். மேலே சொன்ன 60, 50, 40 என்ற மூன்று இலக்கங்களையும், 1990 என்ற இலக்கத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். எழுத முடியாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்லுங்கள். மூச்சு எண்ணிப் பழக விரும்பும் அம்மாமார் கிளினிக் நாளில் மிட்வைஃப் அம்மாவிடமோ எங்களிடமோ கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் காட்டித் தருவோம்.